சொட்டர்

நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதித் தரட்டாம்,
கிளிநொச்சிக் கண்காட்சிக்கு.
பெயர், பிறப்பு, இறப்பு, கண்டுபிடிப்பு.
எழுதினேன்:
விசுவலிங்கம். முள்ளியவளை.
மல்லாவியில் தகரக் கொட்டிலில் கராஜ்.
படிப்பு எட்டாம் வகுப்பு,
அதிலும் பாதி குளக்கட்டில்.
பன்னிரண்டு சொல் போயிற்று.

தடைக்காலம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம்.
வாசிக்க வரும் பிள்ளைக்கு
அந்தச் சொல்லுக்குள் பெற்றோல் மணக்காது.
கசிப்பைப்போல் அதை ஒளித்துக் கொண்டுவந்ததும்
மருந்துப் போத்தலில் அளந்து விற்றதும் தெரியாது.

மண்ணெண்ணெயில் எந்த மோட்டார் சைக்கிளும்
ஓடத் தொடங்கினால் ஓடும்.
தொடங்காது. அதுதான் கரைச்சல்.
குளிர்ந்த இரும்புக்கு முதலில் ஒரு மிடறு பெற்றோல் வேண்டும்.
மூடியால் ஊற்றினார்கள், பஞ்சால் பிழிந்தார்கள்,
பாதி நிலம் குடித்தது.
விசுவலிங்கம் எண்ணினார்.
எம்.டி. தொண்ணூறுக்கு ஒன்பது சொட்டு.
தண்ணீர்ப் பம்புக்குப் பதினான்கு.
மாரியில் இரண்டு கூட.

ஹாண்டிலில் தலைகீழாய் ஒரு போத்தல்,
ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய்,
சொட்டை இறுக்கவும் இளக்கவும் அந்தச் சின்னச் சில்லு.
ஒன்பதாம் சொட்டில் உதைத்தால்
வண்டி இருமி இருமிக் கண் திறக்கும்.

துணுக்காயிலிருந்து ஒட்டுசுட்டான் வரை
அவருக்குச் சொட்டர் என்றுதான் பெயர்.
"சொட்டர் பூட்டினதோ?" என்று கேட்டுத்தான்
வண்டிக்கு விலை பேசினார்கள்.
வலியெடுத்த பெண்கள் அதிலேதான் போனார்கள்,
சோதனைத் தாள்களும் போயின.
ஒரு முறை கூட்டாளிகள் இருவர் நடுவில்
இறந்த மனிதர் ஒருவரும் உட்கார்ந்தபடி போனார்.

விபரம் சரிபார்க்க அவர் மனைவியிடம் போனேன்.
தவமலர். முன்பு ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை.
மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்:
"அந்த மனுசனுக்குச் சேலைனைப் பற்றி என்ன தெரியும்?
இரவு டியூட்டியில எண்ணினது நான்.
கரண்ட் இல்லை, மணிக்கூட்டுக்கு பற்றி இல்லை,
என்ர நாடியைப் பிடிச்சுக்கொண்டு சொட்டை எண்ணினனான்.
எரிக்கக் குவிச்ச குழாயில மூண்டை அவிச்சுக் கழுவி
சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுவந்து குடுத்ததும் நான்.
அவர் பூட்டினவர்.
வடிவாப் பூட்டினவர், அது உண்மை."

"அப்ப உங்கட பெயரையும் போடட்டோ?"

குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார்.
"ஆஸ்பத்திரிச் சாமான் தம்பி.
இப்ப பென்சன் எடுக்கிறன்.
நிப்பாட்டிப் போடுவினமோ?"

இறந்த திகதியைக் கேட்டேன்.
"அரிசி எடுத்து வாறன் எண்டு சைக்கிளில போனவர்."
பிறகு நெடுநேரம் தண்ணீர் மட்டும் ஓடியது.
படிவத்தில் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன்.

காட்டுவதற்கு அவர் செய்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.
முள்ளிவாய்க்கால் வெளியில் மலையாய்க் கிடந்த துருவுக்குள்
எது சொட்டர் பூட்டியது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?
பார்மசியில் புதுக் குழாய் வாங்கிப் போனேன்.
தவமலர் கட்டித் தந்தார்,
"அவற்ற முடிச்சு உப்பிடியில்லை" என்று
தானே மூன்று தரம் அவிழ்த்து.

இரண்டு பெயரும் எழுதினேன்.
நூற்றைம்பதைத் தாண்டியது.
எட்டாம் வகுப்பை வெட்டினேன், குளக்கட்டையும்.

மண்டபத்துக்குள் பெற்றோல் கூடாதாம்.
பச்சைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டோம்.
வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பெட்டை ஒருத்தி
"இது ஆருக்கு ஏத்தினது?" என்று கேட்டாள்.
நான் அட்டையைக் காட்டினேன்.

தவமலர் பின்னேரம் வந்தார்.
அட்டையை வாசிக்கவில்லை.
தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு
போத்தலையே பார்த்து நின்றார்.
"கெதியாய்ப் போகுது," என்றார்.
கயிற்றுக்கு அப்பால் கையை நீட்டிச்
சில்லைக் கொஞ்சம் இறுக்கினார்.